நொடிக்கு ஒரு மூடி

எங்கள் முகாமில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயிரத்து அறுநூறு மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடிக்கிறவனுக்கு, அவன் மிச்சம் பிடித்த ஒவ்வொரு நொடிக்கும் ஒரு மூடி ரம். பாட்டில் மூடிதான். ஐந்து இருபத்தைந்தில் ஓடினால் ஐந்து மூடி, ஐந்து இருபதில் ஓடினால் பத்து. பட்டாளத்தில் சேர்வதற்கு முன்பே பட்டாளத்துக்காரனாக நடந்துகொள்ள எங்களுக்கு அப்படியொரு அவசரம். இந்த வழக்கத்தைக் கண்டுபிடித்த புத்திசாலி நான்தான். ஸ்டாப்வாட்ச் என் கழுத்தில் தொங்கியது, மூடிக் கணக்கும் என்னிடம்தான் இருந்தது.

என் பெயர் ராஜேஷ், ஊர் சந்தவாசல். ஜவ்வாது மலையில் காவலூரைத் தாண்டி குணசீலன் மாஸ்டர் நடத்தும் முகாமில், ராணுவ ஆள்சேர்ப்புக்காகப் பயிற்சி எடுத்த முப்பத்திரண்டு பேரில் நான்தான் மூத்தவன். ஏற்கெனவே இரண்டு முறை போய்த் தோற்றுத் திரும்பியிருந்தேன். இந்த முறையும் விட்டால் வயது தாண்டிவிடும். அதனாலோ என்னவோ, எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம்.

மாஸ்டர் ஓய்வுபெற்ற ஹவில்தார். அவருக்கு ஒரே சட்டம். குடித்தவன் வீட்டுக்குப் போக வேண்டும், குடித்தது தெரிந்து மறைத்தவனும் வீட்டுக்குப் போக வேண்டும். தினமும் காலை ஐந்து மணிக்கு வரிசையில் நிறுத்தி வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பார். இதனால் யாரும் குடியை விட்டுவிடவில்லை. கொய்யா இலையை மெல்லக் கற்றுக்கொண்டோம், அவர் மளிகை வாங்கக் கீழே இறங்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மட்டும் குடிக்கக் கற்றுக்கொண்டோம், ஒருவனை ஒருவன் மறைக்கக் கற்றுக்கொண்டோம்.

அந்த வாரம் புதன்கிழமை சுகாதார நிலையத்திலிருந்து ரேணுகாதேவி என்ற நர்ஸ் எங்களுக்கு வகுப்பெடுக்க வந்தார். குடியைப் பற்றித்தான் வகுப்பு. எனக்கு எரிச்சலாக இருந்தது. எழுந்து நின்று கேட்டேன்.

“சிஸ்டர், மிலிட்டரிலயே ரம் குடுக்குறாங்க. நீங்க இன்னா வேணாங்கிறீங்க?”

பையன்கள் கைதட்டினார்கள். அவர் கோபப்படவில்லை.

“அங்க போய்ச் சேர்ற வரைக்கும் உயிரோட இருக்கணும் இல்ல? நீங்களே வாங்க. இங்க வந்து மல்லாந்து படுங்க.”

முப்பத்தொரு பேர் முன்னால் நான் தரையில் படுத்தேன். தமிழ்மணியைக் கூப்பிட்டு, என்னை எப்படித் திருப்ப வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். ஒரு கையைத் தலைப் பக்கம் மடக்கி வை, இன்னொரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடு, எதிர்ப்பக்க முழங்காலை மடித்துப் பிடித்து உன் பக்கம் இழு. அவன் இழுத்தான். எழுபது கிலோ ஆள் நான், அரிசி மூட்டை போலப் புரண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“குடிச்சிட்டு மயங்கிக் கெடக்குறவன, தூங்குறான்னு நெனச்சு வுட்டுட்டுப் போறீங்க பாருங்க, அதுலதான் ஆளு சாவுறான்,” என்றார் நர்ஸ். “எழுப்பிப் பாருங்க. எந்திரிக்கலன்னா, ஒடம்பு ஜில்லுனு இருந்தா, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவுல பத்து செகண்டு தாண்டுனா, இதுல ஒண்ணு இருந்தாலும் போதும். இப்டி ஒருக்களிச்சுப் போட்டுட்டு நூத்தியெட்டுக்கு போன் பண்ணுங்க. தனியா வுட்டுட்டுப் போவாதீங்க. வாயில எதையும் ஊத்தாதீங்க, தண்ணி கூட.”

போகும்போது மாஸ்டரிடம் ஒன்று கேட்டார். “ஒதவிக்குக் கூப்புடுற பையனுக்குத் தண்டன இல்லன்னு மட்டும் சொல்லிடுங்க சார்.”

“அப்டி சொன்னா குடிக்கிறதுக்கு நானே லைசென்ஸ் குடுத்த மாதிரி ஆயிடும்மா,” என்றார் மாஸ்டர். பேச்சு அதோடு முடிந்தது.

தமிழ்மணி இந்த மலைக்காரன். பதினெட்டு வயது. அம்மா சாமை பயிரிடுகிறவர், சொந்தமாக நான்கு புளியமரம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு மேடும் பள்ளமுமாக ஓடியே வளர்ந்த பையன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவன் நாடி நிமிடத்துக்கு நாற்பத்தாறுதான் அடிக்கும். வெள்ளிக்கிழமைதோறும் நாடி எண்ணும்போது மாஸ்டர் அவன் கையைத் தூக்கிக் காட்டுவார். “பாருங்கடா, ஓட்டக்காரன்னா நாடியும் மூச்சும் இப்டி நிதானமா இருக்கணும்.” அந்தப் பேச்சு எங்கள் மண்டையில் நன்றாக ஏறியிருந்தது. நர்ஸ் சொன்னதைவிட நன்றாகவே.

ஞாயிற்றுக்கிழமை காலை சோதனை ஓட்டம். கோட்டில் நான் நின்றேன். தமிழ்மணி கடைசி வளைவில் தனியாக வந்தான், அவனுக்குப் பின்னால் புழுதி மட்டும்தான். பொத்தானை அழுத்திவிட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம் இரண்டு நொடி. இந்த முகாமில் யாரும் ஓடாத வேகம். மாஸ்டர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “இவனுக்குச் சீட்டு உறுதிடா” என்று சொல்லிவிட்டு, குட்டியானை லோடு வண்டியை எடுத்துக்கொண்டு ஆலங்காயம் போனார். நாலு மணிக்குத்தான் திரும்புவார்.

ஐந்தரை நிமிடத்தில் ஐந்து நிமிடம் இரண்டு நொடியைக் கழித்தால் இருபத்தெட்டு. இதுவரை யாருக்கும் பன்னிரண்டு மூடிக்கு மேல் போனதில்லை. டயர்களும் கயிறுகளும் போட்டுவைக்கும் தகரக் கொட்டகையில் கூடினோம். ஆலங்காயத்துக்காரன் சின்னராசு, தன் மாமாவின் ராணுவ கேன்டீன் கோட்டாவிலிருந்து கொண்டுவந்த பாட்டிலை எடுத்தான்.

“வேணாண்ணா,” என்றான் தமிழ்மணி. “நான் குடிச்சதே இல்ல. எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும்.”

“ஓடுனது நீயா, உங்க அம்மாவா? குடிடா.”

அப்படிச் சொன்னது நான். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயம் குடிப்பது போலக் குடித்தான். நான் ஊற்றினேன், எண்ணினேன். இருபத்தெட்டு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். முகாம் ரெக்கார்டுக்குத் தனி மரியாதை வேண்டாமா என்று எவனோ கேட்டான். பாட்டிலில் மீதி இருந்ததில் ஒரு டம்ளர் நிறைய ஊற்றி நீட்டினேன். அவனுக்கு அதற்குள் வெட்கமும் பயமும் போயிருந்தன. ஒரே மூச்சில் கவிழ்த்துக்கொண்டு, அங்கிருந்த டயருக்கு சல்யூட் அடித்தான். வயிறு வலிக்கச் சிரித்தோம். அவன் சாக்குகளின் மேல் சாய்ந்ததும் கதவைச் சாத்திவிட்டு வாலிபால் ஆடப் போனோம்.

மூன்று மணி இருக்கும். பந்தில் காற்று இறங்கிவிட்டது என்று பம்பை எடுக்கக் கொட்டகைக்கு வந்தேன். தமிழ்மணி மல்லாந்து கிடந்தான். “டேய், எந்திரி, மாஸ்டர் வர்ற நேரம்” என்று காலால் தட்டினேன். அசையவில்லை. குனிந்து தோளை உலுக்கினேன். காது மடலைக் கிள்ளினேன். கன்னத்தில் ஓர் அறை விட்டேன். தலை அந்தப் பக்கம் சாய்ந்து அப்படியே நின்றது. கையைப் பிடித்தால் சில்லென்று இருந்தது.

“சின்னராசு!” என்று கத்தினேன்.

அவன் வந்து எட்டிப் பார்த்தான். “இன்னாடா? தூங்குறான், வுடு.”

“எந்திரிக்க மாட்டேங்குறான்டா. கை ஜில்லுனு கீது.”

“மலைல எல்லாமே ஜில்லுனுதான் இருக்கும்.”

“மூச்சப் பாரு.”

“அவன் மூச்சே அப்டித்தான். மாஸ்டரே சொல்றாரு இல்ல, ஓட்டக்காரன் மூச்சுன்னு?”

அவன் சொன்னதை நம்ப எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போயிருப்பேன். என் கை மட்டும் பழக்கத்தில் ஸ்டாப்வாட்சுக்குப் போனது. தமிழ்மணியின் நெஞ்சு ஏறி இறங்கியதும் அழுத்தினேன். ஏழு நொடியில் அடுத்த மூச்சு வந்தது. மறுபடி அழுத்தினேன். எட்டு. இன்னொரு முறை. ஒன்பது போனது, பத்து போனது, பதினொன்று போனது. பன்னிரண்டில் தொண்டையில் ஏதோ கரகரத்து நெஞ்சு லேசாக எழும்பியது.

காலையில் இதே கடிகாரத்தில் இவனுக்கு நொடி குறையக் குறையக் குதித்தவன் நான். இப்போது நொடி ஏற ஏற, மூச்சு வுடுடா என்று அவன் காதில் கத்தினேன்.

முழங்காலிட்டு உட்கார்ந்தேன். அவன் கையைத் தலைப் பக்கம் மடக்கினேன், இன்னொரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்தேன், முழங்காலைப் பிடித்து இழுத்தேன். என்னை அவன் புரட்டினானே, அதே மாதிரி புரண்டான். அன்றைக்குத் தரையில் படுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த எனக்கு, எல்லாம் வரிசையாக ஞாபகம் இருந்தது.

போனை எடுத்ததும் சின்னராசு என் கையைப் பிடித்தான். “யாருக்கு? நூத்தியெட்டுக்கா? ஆஸ்பத்திரிக்குப் போனா கேஸ் ஆவும். போலீஸ் வரும். வெரிஃபிகேஷன்ல பேரு அடிபட்டுச்சுனா அவன் கதை முடிஞ்சிது. உன் கதையும்தான். உனக்கு இதுதான் கடேசி தடவ, நெனப்புல வெச்சுக்க.”

அவன் அப்படிச் சொன்ன பிறகு நான் இரண்டு மூச்சு நேரம் சும்மா இருந்தேன். தமிழ்மணியின் மூச்சில் இரண்டு. இருபது நொடிக்கு மேல். அந்த நேரத்தில் நான் நினைத்தது அவனை அல்ல, என் வயதை. இதை நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது. பிறகு சின்னராசுவின் கையை உதறிவிட்டு வாசலுக்குப் போய் நூற்றியெட்டுக்குப் போட்டேன். பக்கத்து வண்டி வேறு ஊருக்குப் போயிருக்கிறது, கீழேயிருந்துதான் ஏறி வர வேண்டும், முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். உங்களிடம் வண்டி இருந்தால் பாதி வழி கொண்டுவாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விட்டது.

எங்களுக்கென்று இருந்த ஒரே வண்டி மாஸ்டரிடம் இருந்தது. சிக்னல் திரும்பியதும் அவருக்குப் போட்டேன். எடுத்தார்.

“மாஸ்டர், தமிழ்மணி குடிச்சிட்டான். எந்திரிக்க மாட்டேங்குறான். மூச்சு பன்னெண்டு செகண்டுக்கு ஒரு தடவதான் வருது.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

“மலை ஏறிட்டிருக்கேன், இருவது நிமிஷத்துல வந்துடுவேன். அதுக்குள்ள மெஸ்ல புளி எடுத்து உப்புப் போட்டுக் கரைச்சு அவன் வாயில ஊத்துங்க. வாந்தி எடுக்கணும். நிமித்தி உக்கார வெச்சு ஊத்துங்க. வெளங்குதா? இது ஆர்டர்.”

சத்தம் கேட்டு வாலிபாலை விட்டு ஓடிவந்த எல்லோரும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் துண்டித்துப்போனது. சின்னராசு மெஸ்ஸுக்கு ஓடினான்.

மாஸ்டர் சொன்னால் மறுபேச்சு கிடையாது என்பதைத்தான் அங்கே எட்டு மாதமாகக் கற்றுக்கொண்டிருந்தோம். குழியில் குதி என்றால் குதித்தோம், சுவரில் ஏறு என்றால் ஏறினோம். ஏன் என்று கேட்டவன் பட்டாளத்துக்கு லாயக்கில்லை. சின்னராசு கெட்டவன் இல்லை, அவனும் பயந்துபோய்த்தான் இருந்தான். பெரிய லோட்டாவில் புளித் தண்ணீரோடு வந்தவன், “நிமித்துங்கடா” என்றான். நான்கு பேர் கொட்டகைக்குள் நுழைந்தார்கள்.

“வேணாம். ஊத்தக் கூடாது,” என்றேன்.

“மாஸ்டர் ஆர்டர்டா!”

“மயக்கத்துல கெடக்குறவனுக்கு முழுங்கத் தெரியாது. நெஞ்சுக்குள்ள போய்டும். அந்த நர்சம்மா சொன்னாங்க இல்ல?”

“மாஸ்டர வுட நர்சம்மா பெரிய ஆளா? நீதான அன்னிக்கு அவங்கள கிண்டல் பண்ண?”

சின்னராசு குனிந்து தமிழ்மணியின் தாடையைப் பிடித்தான். நான் லோட்டாவைத் தட்டிவிட்டேன். புளித் தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது. அவன் என் சட்டையைப் பிடித்தான், நான் அவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினேன், டயர்கள் சரிந்தன. யாரோ ஒருவன் என் கழுத்தைப் பின்னாலிருந்து வளைத்தான். “இன்னொரு லோட்டா எடுத்தாடா” என்று ஒருவன் கத்துவது கேட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை. சொன்னது சரிதானா என்பதும் எனக்குத் தெரியாது. ஒரு மணி நேர வகுப்பு, அதிலும் பாதி நேரம் அவமானத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மாஸ்டரோ இருபது வருடம் பட்டாளத்தில் இருந்தவர்.

அப்போது தமிழ்மணியின் உடம்பு ஒரு முறை குலுங்கியது. எழவில்லை, கண் திறக்கவில்லை. வாயிலிருந்து வாந்தி தானாக வந்து கன்னத்தோரம் வழிந்து சாக்கில் இறங்கியது. நிறைய வந்தது. என் கழுத்தை வளைத்திருந்த கை தளர்ந்தது. மல்லாந்தே கிடந்திருந்தால் அவ்வளவும் எங்கே போயிருக்கும் என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்தது. சின்னராசு தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

நான் தமிழ்மணியின் வாயை விரலால் துடைத்துவிட்டு மறுபடி எண்ண ஆரம்பித்தேன். பத்து. பதின்மூன்று. பதினொன்று. வெளியே ஹாரன் சத்தம் கேட்கும் வரை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

மாஸ்டர் உள்ளே வந்து பையனைப் பார்த்தார். நசுங்கிக் கிடந்த லோட்டாவைப் பார்த்தார்.

“ஊத்துனியா?”

“இல்ல மாஸ்டர்.”

“நான் சொன்னேனே?”

“சொன்னீங்க மாஸ்டர். நான் ஊத்த வுடல.”

அவர் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குப் பிடிபடவில்லை. “தூக்குங்கடா” என்றார். வண்டியின் பின்பக்கத்தில் அரிசி மூட்டைகளைத் தள்ளிவிட்டுப் படுக்க வைத்தோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவன் மல்லாந்துவிடாமல் என் முதுகை முட்டுக் கொடுத்துக்கொண்டேன். எதிரே ஆம்புலன்ஸ் வந்ததும் மாற்றினார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. எண்ணிக்கொண்டுதான் வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “வாய் வழியா எதாவது குடுத்தீங்களா?”

“இல்லங்க.”

“நல்ல வேள. குடுத்திருந்தா நுரையீரலுக்குள்ள போயிருக்கும், இங்க வந்து பிரயோஜனம் இருந்திருக்காது.”

மாஸ்டர் எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்தார். போலீஸ் யாரும் வரவில்லை. எந்த வெரிஃபிகேஷனைச் சொல்லிச் சின்னராசு என்னைப் பயமுறுத்தினானோ, அதைப் பற்றி அங்கே யாரும் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்மணி கண் திறந்தான். சற்று நேரத்தில் அவன் அம்மா அம்மாக்கண்ணு பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். களத்திலிருந்து அப்படியே வந்திருக்கிறார், முந்தானையில் சாமைப் பதர் ஒட்டியிருந்தது. யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும், நேராக வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நீதான் எம்புள்ளய காப்பாத்துனியாம். நல்லா இருப்பா. உன் கையால நூறு பேரு பொழைக்கணும்.”

அந்தக் கைதான் ஊற்றியது. சும்மா இருந்திருக்கலாம். மாஸ்டருக்குக்கூட அதுவரை தெரியாது. ஆனால் அந்தம்மா கையை விடவே இல்லை, எனக்குத் தாங்கவில்லை.

“நான்தாம்மா அவனுக்கு ஊத்திக் குடுத்தேன். வேணான்னுதான் சொன்னான். நான்தான் குடிக்க வெச்சேன்.”

அவர் கை மெதுவாக விலகியது.

“ஏம்ப்பா?”

வழக்கத்தைச் சொன்னேன். நொடிக்கு ஒரு மூடி, மொத்தம் இருபத்தெட்டு, அதற்கு மேல் ஒரு டம்ளர்.

“வேகமா ஓடுனதுக்கா?” என்றார் அவர். “எம்புள்ள வேகமா ஓடுனான்னா அவனுக்கு இதக் குடுத்தீங்க?”

அவர் திட்டியிருந்தால் தேவலை. நான் வெளியே போய் ஆம்புலன்ஸ் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு வரிசையில் நின்றோம். மாஸ்டர் இரவு முழுக்கத் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. அன்றைக்கு யார் வாயையும் மோந்து பார்க்கவில்லை.

“ராஜேஷ், முன்னால வா. பேக்க கட்டிக்க. ஏழு மணி பஸ்ல வூட்டுக்குக் கெளம்பு.”

வரிசையில் சலசலப்பு எழுந்தது. சின்னராசு, “மாஸ்டர், பாட்டிலு நான்தான்...” என்று ஆரம்பித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“உன் வெவகாரம் தனி, அப்பறம் பேசறேன். இவன் போறது போன் பண்ணதுக்கு இல்ல. ரம் ஊத்திக் குடுத்ததுக்கு. இனிமே இங்க ஒதவிக்குக் கூப்புட்டவனுக்குத் தண்டன கெடையாது. அந்த நர்சம்மா அன்னிக்கே சொன்னாங்க, நான்தான் கேக்கல.”

“சரி மாஸ்டர்,” என்றேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதனால்தான் வலித்தது.

மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார்.

“நான் ட்ரெயினிங்ல இருந்தப்போ எங்க பாரக்ஸ்ல ஒருத்தன் இப்டித்தான் கெடந்தான். சீனியரு புளித் தண்ணி ஊத்தச் சொன்னாரு. நான் அவன் தலையப் புடிச்சிக்கிட்டேன், இன்னொருத்தன் ஊத்துனான்.”

நான் கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன். “அவரு பொழச்சாரா மாஸ்டர்?”

“குடிச்சதுனால செத்தான்னு எழுதிட்டாங்க. நானும் நேத்து சாயங்காலம் வரைக்கும் அப்டித்தான் நெனச்சிட்டிருந்தேன்.”

பிறகு அவர் செய்ததை எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு, அந்த ஈர மண்ணில், முப்பது பையன்கள் முன்னால் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“போறதுக்கு முன்னாடி இவனுங்களுக்குக் காட்டிட்டுப் போ. என்னத் திருப்பு.”

யாரும் சிரிக்கவில்லை. நான் முழங்காலிட்டு அவர் கையை எடுத்தேன். தலைப் பக்கம் மடக்கினேன், இன்னொரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்தேன், முழங்காலைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். கனமான உடம்பு, ஆனாலும் புரண்டது. மூடிய கண்ணிலிருந்து மூக்கின் மேலாகக் கண்ணீர் வழிந்து மண்ணில் இறங்கியது.

“எண்ணு,” என்றார்.

ஸ்டாப்வாட்சை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி எண்ணினேன். பிறகு சின்னராசுவைப் படுக்கச் சொன்னேன். அவனுக்குப் பிறகு அடுத்தவன். ஒவ்வொருவனும் படுத்தான், ஒவ்வொருவனும் திருப்பினான். தப்பாகச் செய்தவனை மறுபடி செய்ய வைத்தேன். ஏழு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. மாஸ்டரும் கவனித்தார், நானும் கவனித்தேன். அடுத்தவனைப் படுக்கச் சொன்னேன்.

கடைசிப் பையனும் திருப்பி முடித்ததும் கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைக் கழற்றி மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினேன்.